வேஷம் கட்டி நின்றவர்கள்

எட்கர் தர்ஸ்டன் 1885 முதல் 1908 வரை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தார். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ரங்காச்சாரியின் துணையோடு அவர் தொகுத்த ஏழு தொகுதிகள் 1909இல் வெளிவந்தன. சாதி வரலாறு எழுதுகிறவர்கள் இன்றும் அவற்றைப் புரட்டுகிறார்கள். அந்தப் பக்கங்களுக்குப் பின்னால் இருந்த வேலைமுறையை நினைப்பவர்கள் குறைவு. மூக்கின் அகலத்தையும் மண்டையின் நீளத்தையும் அளக்கும் இடுக்கிகளோடு தர்ஸ்டன் ஊர் ஊராகப் போனார். நீலகிரியில் தோடர்களையும் அளந்தார். அவருக்கு முன்பே, 1869இல், லண்டனில் லாம்ப்ரே என்பவர் ஒரு முறையைச் சொல்லியிருந்தார். மரச்சட்டத்தில் பட்டு நூலை இரண்டு அங்குலக் கட்டங்களாக இழுத்துக் கட்டுவது, அதற்கு முன்னால் ஆடை களைந்த மனிதரை நிறுத்திப் படமெடுப்பது. எந்த உடலையும் வேறெந்த உடலோடும் ஒப்பிட்டு அளந்துவிடலாம். நிற்பவரின் சம்மதம் அந்தக் கணக்கில் வராது.

2000க்கும் 2004க்கும் இடையில் பெங்களூரில் புஷ்பமாலா என். என்ற கலைஞர் தோடப் பெண்ணாக உடுத்தி, அப்படியொரு கட்டத்திரைக்கு முன்னால் தானே போய் நின்றார். கேமராவைப் பிடித்தவர் அதே நகரில் வாழும் புகைப்படக்காரர் கிளேர் ஆர்னி. பெங்களூரில் இயங்கும் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் இந்தப் பட வரிசைக்கு நல்கை தந்தது. ‘தென்னிந்தியாவின் சுதேசிப் பெண்கள்: நடையுடையும் வழக்கங்களும்’ என்று தமிழில் சொல்லத்தக்க தலைப்பு, காலனிய அதிகாரிகள் எழுதிய தொகுதிகளின் குரல் அதில் அப்படியே கேட்கும். அந்த வரிசையைப் பார்த்த பிறகு தர்ஸ்டனின் தொகுதிகளில் உள்ள படங்களைப் பழையபடி என்னால் பார்க்க முடியவில்லை. படத்தில் நிற்பவர் எதற்காக நின்றார், யார் நிறுத்தினார்கள் என்ற கேள்வி முன்னால் வந்து நிற்கிறது.

கடந்த முப்பது ஆண்டுகளில் பெங்களூரிலும் அதைச் சுற்றியும் உருவான கலைப் புகைப்படங்களில் எனக்கு மிகப் பிடித்தவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால் அவற்றுக்குள் ஓர் உறவு தெரிகிறது. அவற்றில் எவரும் தெரியாமல் சிக்கிக்கொண்டவர் இல்லை. கேமராவுக்கு முன்னால் நிற்கிறோம் என்பதை அறிந்து, உடுத்தி, முகத்தைச் சரிசெய்துகொண்டு, சில வேளைகளில் வேறொருவராகவே மாறி நிற்கிறார்கள். தெருவில் ஓடிக்கொண்டிருக்கும் வாழ்க்கையை அது அறியாமல் பிடிப்பதே புகைப்படத்தின் உச்சம் என்று நெடுங்காலம் நமக்குச் சொல்லப்பட்டது. ஹென்றி கார்த்தியே ப்ரெஸ்ஸோனின் 1952ஆம் ஆண்டுப் புத்தகம் அந்த நம்பிக்கைக்கு உலகப் பெயர் வாங்கித் தந்தது. அவர் பெரிய கலைஞர், அதில் மறுப்பில்லை. ஆனால் அந்த ஒரு அளவுகோலை வைத்துக்கொண்டு பெங்களூர்க்காரர்களின் வேலையை மதிப்பிட்டால் ஒன்றும் கைக்கு வராது.

புஷ்பமாலா 1956இல் பெங்களூரில் பிறந்தவர். பரோடாவில் சிற்பம் படித்தார். சிற்பியாகப் பெயர் வாங்கிய பிறகே கேமரா பக்கம் வந்தார். வந்தும் அதற்குப் பின்னால் நிற்கவில்லை. 1996–98இல் மும்பையில் உருவான ‘ஃபான்டம் லேடி’ என்ற கறுப்பு வெள்ளைப் படக்கதையில் முகமூடியும் தொப்பியும் அணிந்த சாகசக்காரியாக நகரத்து இரவில் அலைகிறார். ‘ஹண்டர்வாலி’ (1935) படத்தில் சாட்டையோடு வந்த நாடியாவுக்குச் செய்த மரியாதை அது. அதன் பிறகு மும்பையில் இந்தியா போட்டோ ஸ்டுடியோ நடத்திய, திரை நட்சத்திரங்களைப் படமெடுத்துப் பேர்வாங்கிய ஜே.எச். தக்கரிடம் போனார். நவரசங்களையும் பழைய இந்திக் கதாநாயகிகளின் தோரணையில் அவர் முன் நடித்துக் காட்டினார். தக்கர் தன் பழைய முறையிலேயே ஒளி அமைத்தார். அந்தப் படங்களில் இரண்டு பேரின் கலை சமமாக இருக்கிறது. ஒளியை எங்கே விழவிட்டால் ஒரு முகம் நட்சத்திரத்தின் முகமாகும் என்பது தக்கருக்குத் தெரியும். அந்த ஒளிக்குள் எவ்வளவு தூரம் போய் நிற்கலாம் என்பது புஷ்பமாலாவுக்குத் தெரியும்.

‘சுதேசிப் பெண்கள்’ வரிசையின் அடிப்படை பத்துப் படங்கள். ஒவ்வொன்றும் ஏற்கெனவே உள்ள ஒரு படத்தின் மறுபதிப்பு. ரவிவர்மாவின் நிலவொளிப் பெண், அவருடைய அச்சகத்திலிருந்து வீட்டுப் பூஜையறைகளுக்குப் போன லட்சுமி, பிஜாப்பூர்ச் சிற்றோவியத்தின் யோகினி, வேளாங்கண்ணி மாதாவின் படம், செய்தித்தாளில் வந்த, போலீஸ் பிடித்த பெண்களின் படம், கன்னடப் படம் ஒன்றின் காதல் காட்சி, மேரி எலன் மார்க் எடுத்த சர்க்கஸ் பெண், கட்டத்திரைக்கு முன் தோடப் பெண். நம் தாத்தா பாட்டி காலத்திலிருந்து நம் வீட்டுச் சுவரிலும் காலண்டரிலும் செய்தித்தாளிலும் பெண் எப்படியெல்லாம் நிறுத்தப்பட்டாள் என்பதன் கணக்கு இது. ஒரே பெண் இத்தனை பேராகவும் நிற்கும்போதுதான் லட்சுமிக்கும் குற்றவாளிக்கும் நடுவே இருப்பது பின்திரை, நகை, ஒளி, கைகளின் நிலை மட்டும் என்று உறைக்கிறது.

அந்தப் பத்தில் தமிழ் வாசகர் நெடுநேரம் நிற்கும் படம் ஒன்று உண்டு. 1970களின் தமிழ்ப் படமொன்றில் ஜெயலலிதா சாட்டையைச் சொடுக்கும் காட்சி அது. மைசூர் சமஸ்தானத்து மேல்கோட்டையில் 1948இல் பிறந்து, பெங்களூரில் பள்ளிப் படிப்பைத் தொடங்கி, சென்னையில் நட்சத்திரமானவர். புஷ்பமாலாவின் வரிசை உருவான ஆண்டுகளில் பெரும்பகுதி அவர் தமிழ்நாட்டின் முதலமைச்சர். திரையில் வாங்கிய தோரணை கோட்டை வரைக்கும் போன வரலாறு நமக்கு மனப்பாடம். ஆனால் நாடியாவின் சாட்டை, ஜெயலலிதாவின் சாட்டை, புஷ்பமாலாவின் சாட்டை என்று மூன்றையும் அடுக்கிப் பார்த்தால் வேறொன்றும் தெரிகிறது. கையில் சாட்டை ஏந்திய பெண்ணை இந்தியத் திரை எப்போதும் விரும்பியிருக்கிறது. அச்சமும் ஆசையும் கலந்த விருப்பம். அந்த இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் இந்தப் படம் கொண்டுவந்துவிடுகிறது. ஒரு நீண்ட ஆய்வுரை செய்யும் வேலையை ஒரு தோரணை செய்கிறது.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் சிண்டி ஷெர்மனோடு புஷ்பமாலாவை ஒப்பிடுவது விமரிசகர்களுக்கு வழக்கமாகிவிட்டது. ஷெர்மன் 1977க்கும் 1980க்கும் நடுவில் எடுத்த படங்களில் இல்லாத சினிமாவின் இல்லாத கதாநாயகியாக நின்றார். பார்த்த மாதிரி இருக்கும், எந்தப் படம் என்று சொல்ல முடியாது. அந்தத் தடுமாற்றம்தான் அவற்றின் வலிமை. புஷ்பமாலாவோ எந்தப் படம் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட்டே நிற்கிறார். இன்னொன்று: ஷெர்மன் பெரும்பாலும் தனியே வேலை செய்தவர். புஷ்பமாலாவின் படத்தில் ஒரு நாடகக் கம்பெனியே இருக்கிறது. திரை வரைகிறவர், தைக்கிறவர், மேக்கப் போடுகிறவர், விளக்குப் பிடிக்கிறவர். இந்த வேலை நடந்த விதத்தையே தனி வரிசையாக எடுத்துப் பத்துப் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். பார்ப்பவர் மயங்கலாம், ஆனால் ஏமாற வேண்டியதில்லை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதை ஒதுக்கிவிட முடியாது. நகரத்தில் படித்து வளர்ந்த கலைஞர் தோடப் பெண்ணின் உடையை அணிவது யாருடைய உரிமை? அசல் படத்தில் நின்ற பெண்ணிடம் அன்றும் கேட்கப்படவில்லை, இன்றும் கேட்கப்படவில்லை. கட்டத்திரைக்கு முன்னால் தன் உடலை வைப்பதன் மூலம் அளக்கும் கண்ணை அம்பலப்படுத்துகிறார் என்பது சரி. ஆனால் அளக்கப்பட்டவளின் பேரப்பிள்ளைகள் இந்தப் படத்தைப் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்ற கேள்விக்கு வரிசைக்குள் பதில் இல்லை. அந்தக் குறையோடுதான் நான் அதை மதிக்கிறேன். அந்தக் கேள்வியை வேறொரு திசையிலிருந்து எடுத்தவர்கள் பின்னால் வந்தார்கள்.

அவர்களிடம் போகுமுன் ஆனேக்கல் பற்றிச் சொல்ல வேண்டும். பெங்களூரின் தென்கிழக்கு மூலையில், ஓசூர் எல்லையை ஒட்டிய தாலுகா. எலக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி சந்தாபுரா, அத்திப்பள்ளி, ஜிகனி என்று விரியும் இந்தப் பகுதியில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தேநீர்க் கடையில் புழங்கும். பட்டுத்தறிக்குப் பேர்போன ஊர். இங்கே தர்மராயர் கோயில் கரகம் நடக்கும். பெங்களூர்க் கரகத்தைப் போலவே, தோட்டத் தொழிலில் கைதேர்ந்த திகளர் சமூகத்தின் விழா. அந்தச் சமூகத்து ஆண் ஒருவர் புடவை கட்டி, வளையல் போட்டு, தலையில் பூக்கரகம் ஏந்தி, திரௌபதியாக இரவெல்லாம் நடக்கிறார். வாளேந்திய வீரகுமாரர்கள் சூழ்ந்து வருகிறார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் கிருஷ்ணகிரி, தருமபுரி ஊர்களில் திரௌபதி அம்மனுக்குப் பாரதக் கூத்து நடத்தும் மக்களுக்கு இதில் புதிதாக விளக்க ஒன்றுமில்லை. அந்த இரவில் அவர் திரௌபதி. விரதமும் உடையும் கரகத்தின் பாரமும் சேர்ந்து அவரை அப்படி ஆக்குகின்றன. நடிக்கிறார் என்று சொல்லி அவரைக் குறைக்க யாரும் துணிவதில்லை.

வேஷத்தைப் பொய்யாகக் கருதாத இந்த மண்ணில்தான் பெங்களூரின் புகைப்படக்கலை வேர்விட்டிருக்கிறது என்று நினைக்கிறேன். கோயில் விழா, நாடகக் கம்பெனி, வரைந்த திரைக்கு முன்னால் குடும்பத்தை நிறுத்தும் ஸ்டுடியோ, ரசிகர் மன்றம் எல்லாவற்றிலும் ஒருவர் இன்னொருவராக நிற்பதற்கு இடம் இருக்கிறது. வெளிநாட்டுக் கலைக்கூடங்களின் சொற்களை வைத்து விளக்குவதைவிட இந்த வழியாகப் போனால் காப் சிவாவின் படங்கள் சீக்கிரம் பிடிபடும்.

சிவா ராமநகரப் பக்கத்து கிராமத்திலிருந்து வந்தவர். பெங்களூர் போலீசில் கான்ஸ்டபிளாக வேலை பார்த்தவர். பெயரின் முன்னால் வரும் ‘காப்’ அதிலிருந்து வந்தது. சுரேஷ் ஜெயராம் 2003இல் தன் வீட்டில் தொடங்கிய ஒன் சாந்தி ரோடு கலைக்கூடத்தில் கலைஞர்களோடு பழகிக் கேமரா கற்றார். ‘பீயிங் காந்தி’ என்ற அவருடைய வரிசையில் சிக்கமகளூர் மாவட்டத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர் வருகிறார். உடம்பு முழுதும் வெள்ளிச் சாயம் பூசி, வேட்டி, கண்ணாடி, தடியோடு காந்தியாக ஊர் ஊராகப் போகிறவர். கண்காட்சிக்காக வேஷம் போட்டவர் இல்லை. சிவா பார்ப்பதற்கு முன்பே அவர் காந்தியாக இருந்தார்.

இங்கே ஒப்பந்தம் தலைகீழாகிறது. புஷ்பமாலாவின் படத்தில் கலைஞர் வேஷத்தைக் கட்டுகிறார். சிவாவின் படத்தில் வேஷம் முன்பே கட்டப்பட்டு வந்து நிற்கிறது. கலைஞரின் வேலை அதற்கு மரியாதையான தூரத்தில் நிற்பது மட்டும். வெள்ளிச் சாயம் வெயிலில் மின்னும்போது அந்த மனிதர் பாதி சிலை, பாதி ஆசிரியர். நம் ஊர்ச் சதுக்கங்களில் காக்கை உட்காரும் காந்தி சிலைகள் எல்லாம் இறங்கி நடக்கத் தொடங்கினால் எப்படி இருக்கும் என்று இந்தப் படங்கள் காட்டுகின்றன. கேலி செய்வது எவ்வளவு எளிது என்று யோசித்துப் பாருங்கள். கோணத்தைச் சற்று இறக்கினால் போதும், விநோதப் பிறவி என்று சிரித்துவிடலாம். சிவா ஒரு படத்திலும் அதைச் செய்யவில்லை. காவல்துறைச் சீருடையில் நாள் முழுதும் நின்ற ஒருவருக்கு, உடை ஒரு மனிதனை என்ன செய்யும் என்று உடம்பாலேயே தெரிந்திருக்கும். இது என் ஊகம். ஆனால் படங்கள் அதை ஆமோதிக்கின்றன.

சிவாவின் இன்னொரு வரிசை எம்.ஜி.ஆரைப் போல உடுத்தி வாழும் பெங்களூர் ரசிகர் ஒருவரைப் பற்றியது. தொப்பி, கறுப்புக் கண்ணாடி, புன்னகை. எம்.ஜி.ஆர். மறைந்தது 1987 டிசம்பர் 24. அவர் ஆண்ட மாநிலத்துக்கு வெளியே, அவர் படங்களின் மொழி பெரும்பான்மையாகப் பேசப்படாத நகரத்தில், பல ஆண்டுகள் கழித்தும் ஒரு மனிதர் காலையில் எழுந்து அந்தத் தொப்பியை எடுத்து வைத்துக்கொள்கிறார். பெங்களூர்த் தமிழர்களின் வரலாற்றை எழுத வருகிறவர்கள் காவிரிக் கலவரங்களையும் கோலார் தங்கவயலையும் எழுதுவார்கள், எழுதத்தான் வேண்டும். தொலைவில் இருப்பவர்கள் ஒரு முகத்தைத் தங்களுக்குள் எப்படிக் காப்பாற்றி வைக்கிறார்கள் என்பதற்கு ஆவணம் வேண்டுமென்றால் இந்த வரிசையைப் பார்க்க வேண்டும்.

பெங்களூர்ப் புகைப்படக்காரர் மகேஷ் சாந்தாராமின் ‘ஆஃப்ரிக்கன் போர்ட்ரெய்ட்ஸ்’ வரிசையில் எவரும் வேஷம் போடவில்லை, ஆனால் சம்மதத்தின் கேள்வி அங்கே இன்னும் கூர்மையானது. 2016 ஜனவரி இறுதியில் பெங்களூரின் வடக்கு விளிம்பில் தான்சானிய மாணவி ஒருவரை ஒரு கும்பல் தாக்கியது. நகரம் வெட்கத்தோடு ஒரு வாரம் பேசிவிட்டு மறந்தது. மகேஷ் அப்போது தொடங்கி ஆப்பிரிக்க மாணவர்களின் அறைகளுக்குப் போனார். அதுவரை கல்யாண வீடுகளைப் படமெடுத்தவர். ஆடம்பர மண்டபங்களின் விளக்கொளியைத் தெரிந்த கண், இப்போது ஒற்றைக் குழல்விளக்கின் கீழ் வாடகை அறையில் உட்கார்ந்திருப்பவரைப் பார்க்கிறது. அவர்கள் நேராகப் பார்க்கிறார்கள். தாக்கப்பட்டவர்களாக நிற்க மறுத்து, வீட்டுக்காரர்களாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்து ஆண்டனி மருத்துவம் படித்துவிட்டுக் கலைக்கு வந்தவர். செசிலியா என்ற மூதாட்டியோடு சேர்ந்து, பெண்கள் தனியாக நிற்கத் தயங்கும் பொது இடங்களில் அவர் செய்த வேலை தனிக் கட்டுரைக்கு உரியது. பளபளக்கும் உடையில், எந்தக் கூச்சமும் இல்லாமல் நடந்து வரும் செசிலியாவைப் பார்த்தால் படத்துக்கு இயக்குநர் யார் என்று சொல்ல முடியாது. அது அந்த வரிசையின் சிறப்பு.

தோடப் பெண்ணின் பேரப்பிள்ளைகள் பற்றிய கேள்விக்கு நான் கண்ட மிக நேரான பதில் கர்நாடகத்துக்கு வெளியே இருக்கிறது. புகைப்படக்காரர் கௌரி கில் 2015 முதல் மகாராஷ்டிரத்தின் ஜவ்ஹார் பகுதியில், சடங்குக்கு முகமூடி செய்யும் கொங்கண ஆதிவாசிக் கலைஞர்களோடு வேலை செய்கிறார். வழக்கமாகத் தெய்வ முகங்கள் செய்பவர்கள். இந்த வேலைக்கு அன்றாட முகங்களைக் காகிதக்கூழில் செய்து தரும்படி அவர்களிடமே கேட்டார். நோயாளி, கடைக்காரர், பல்லி, காக்கை, தொலைக்காட்சிப் பெட்டி. அதை மாட்டிக்கொண்டு அவர்களே தங்கள் ஊரின் மருத்துவமனையிலும் கடையிலும் வீட்டுக் கட்டிலிலும் உட்கார்கிறார்கள். ஆதிவாசியின் முகத்தை அளந்து ஏட்டில் ஏற்றிய நூற்றாண்டுக்கு இது எதிர்வினை: முகத்தைக் காட்டமாட்டோம், எந்த முகத்தைக் காட்டுவது என்று நாங்களே முடிவுசெய்வோம். முகமூடி செய்த கலைஞர்களின் பெயர்கள் படைப்போடு சேர்ந்தே பேசப்படுகின்றன. கௌரி கில்லுக்கு 2023இல் புகைப்படத்துக்கான ப்ரீ பிக்தே பரிசு கிடைத்தது. அது இன்னொரு நெடிய வரிசைக்கு, 1999 முதல் ராஜஸ்தானத்து மக்களோடு அவர் செய்துவரும் வேலைக்கு. ஒரே மக்களிடம் திரும்பத் திரும்பப் போவது அவருடைய முறை. இரண்டு நாளில் வாங்க முடியாத சம்மதம் இருபது ஆண்டில் கிடைக்கிறது.

தமிழ்நாட்டில் ஜெய்சிங் நாகேஸ்வரன் இன்னும் உள்ளே போனார். மதுரைக்குப் பக்கத்து வாடிப்பட்டிக்காரர். கூவாகம் திருவிழாவுக்கு வரும் திருநங்கையரை விழுப்புரத்து லாட்ஜ் அறைகளில் எடுத்தார். திருவிழாக் கூட்டத்தை விட்டுவிட்டு, அலங்காரத்துக்கு முன்னும் பின்னுமான அறை. 2020 ஊரடங்கில் சொந்த ஊர் திரும்பித் தன் குடும்பத்தையே எடுக்கத் தொடங்கினார். தலித் பிள்ளைகளுக்காகப் பள்ளி நடத்திய பாட்டி பொன்னுத்தாயின் வீடு அது. தலித் வாழ்க்கை என்றாலே துயரத்தின் படம் என்று பத்திரிகைகள் பழக்கியிருக்கும்போது, அந்த வீட்டில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள், தூங்குகிறார்கள், தண்ணீரில் குதிக்கிறார்கள். அந்தக் குடும்பம் தன் ஆல்பத்தைத் தானே செய்கிறது.

புஷ்பமாலாவின் தெரிவில் 2019இல் நடந்த இரண்டாவது சென்னை போட்டோ பினாலே இப்படிப்பட்ட வேலைகளைப் பொதுமக்கள் போகும் இடங்களுக்குக் கொண்டுவந்தது. பெங்களூரில் கஸ்தூர்பா சாலையின் கலை மற்றும் புகைப்பட அருங்காட்சியகம் 2023 பிப்ரவரியில் திறக்கப்பட்டபோது, ஜோதி பட்டின் புகைப்படங்கள் தொடக்கக் கண்காட்சிகளில் ஒன்றாக இருந்தன. இந்தியக் கிராமங்களின் சுவர்க்கோலங்களையும் அவற்றை வரைந்த பெண்களையும் பல ஆண்டுகள் எடுத்தவர் அவர். ஆனேக்கல்லிலிருந்து அந்தக் கட்டடத்துக்குப் பேருந்தில் போய்விடலாம். போக்குவரத்து நெரிசல் மட்டும் மனம் இளக வேண்டும்.

அங்கிருந்து ஆனேக்கல்லைப் பார்த்தால் மனம் கனக்கிறது. இந்தத் தாலுகா உலகத்துக்குப் படமாகப் போய்ச் சேரும் வழிகள் இரண்டே. ஒன்று மனை விற்பனை விளம்பரம். மற்றது விபத்து. ஹுஸ்கூர் மத்தூரம்மா திருவிழாவுக்கு ஊர்கள்தோறும் கட்டி இழுத்துவரும் நூறடிக்கும் மேற்பட்ட தேர் 2024இல் சாய்ந்து விழுந்த காட்சியைக் கைபேசிகள் நாடெங்கும் கொண்டுபோயின. அந்தத் தேரை வாரக்கணக்கில் கட்டிய கைகளை எவரும் பார்க்கவில்லை. 2023 அக்டோபர் 7 அன்று அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை எரிந்தது. மாண்டவர்களில் பெரும்பாலோர் தீபாவளி வேலைக்கு வந்த தமிழ்நாட்டு இளைஞர்கள். தீப்பிழம்பின் படம் நம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. தீயை எடுத்தவர்களைக் குறை சொல்லவில்லை, செய்தி செய்தியாக வர வேண்டும். அந்த இளைஞர்கள் ஊரில் எப்படி உடுத்தினார்கள், எந்த நடிகரைப் போல முடி வைத்துக்கொண்டார்கள், கல்யாணத்துக்கு எப்படி நின்று படமெடுத்துக்கொள்ள ஆசைப்பட்டிருப்பார்கள் என்பதைக் கேட்க ஒருவர் வேண்டும்.

மதுரைக்காரரான எம். பழனிகுமார் அந்த வேலை எப்படி நடக்கும் என்பதைக் காட்டியிருக்கிறார். ‘கக்கூஸ்’ (2017) ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். மலக்குழி மரணங்கள் நடந்த வீடுகளுக்குப் போகிறார், மறுபடியும் போகிறார். உழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கேமரா கொடுத்துப் படமெடுக்கக் கற்றுத் தருகிறார். அப்படிக் கற்ற பிள்ளை தன் அம்மாவை எடுக்கும்போது கேட்கவேண்டிய சம்மதம் வீட்டுக்குள்ளேயே கேட்கப்படுகிறது.

சந்தாபுராவிலும் ஜிகனியிலும் தொழிற்சாலை ஷிப்ட் முடிந்து வருகிற பிள்ளைகள் கையில் இன்று நல்ல கேமராவுள்ள கைபேசி இருக்கிறது. புஷ்பமாலாவுக்கு நல்கை தந்த நிறுவனம் இதே நகரத்தில் இருக்கிறது. பார்க்க அருங்காட்சியகம் இருக்கிறது. காப் சிவாவும் ஒரு வேலைக்காரராக, ட்யூட்டி முடிந்த நேரத்தில்தான் தொடங்கினார். கரகம் ஏந்தும் மனிதரிடம் போய், திருவிழா இரவுக்கு முந்தைய விரத நாட்களில் உங்களோடு இருக்கலாமா, எப்படி நிற்க விரும்புகிறீர்கள், எந்தப் படம் உங்கள் வீட்டில் இருக்க வேண்டும் என்று கேட்பதிலிருந்து அந்த வேலையைத் தொடங்கலாம்.